சும்மா உட்காரத் தெரிந்தவர்

அவர் எங்கள் தாலுகா அலுவலகத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார். அதை நாங்கள் பத்தாவது நாள்தான் கண்டுபிடித்தோம்.

அரியலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. நான் அப்போது அங்கே இளநிலை உதவியாளர். வாரிசு சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று கணினியில் வரும் மனுக்களைத் திறந்து, குறை கண்டுபிடித்து, திருப்பி அனுப்புவது என் வேலை. குறை இல்லாத மனுவை மேலே அனுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் அப்படியொரு மனுவை எழுதக்கூடியவர் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை என்பது என் அனுபவம்.

எங்களிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் கண்ணில் பட வேண்டும். சிலர் மேஜைக்கு முன்னால் வந்து நின்று இருமுவார்கள். சிலர் கட்சிக்கரை வேட்டி கட்டிய ஒருவரை முன்னால் விட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் பவ்யமாக நிற்பார்கள். வயதான பெண்கள் வாசற்படியிலேயே அழத் தொடங்குவார்கள். அழுகைக்குப் பயந்தே பல கோப்புகள் நகர்ந்திருக்கின்றன. இவர் இதில் எதையும் செய்யவில்லை. தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்துத் தூணை ஒட்டி, மின்விசிறி ஓடாத பெஞ்சின் கடைசியில், காலை ஒன்பதே முக்காலுக்கு உட்கார்ந்தால் மாலையில் நாங்கள் பூட்டும்போது எழுந்து போவார்.

அவர் உட்காரும் விதத்தில் அங்கே ஒரு ஆள் இருப்பதே தெரியாது. கொட்டாவி விடமாட்டார். செல்போனை நோண்டமாட்டார். காலாட்டமாட்டார். பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எந்த ஊர், என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்கமாட்டார். எங்கள் பக்கத்தில் அது கிட்டத்தட்ட மரியாதைக் குறைவு. நான் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவர் முழங்காலைத் தாண்டித்தான் போயிருக்கிறேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. ஆள் ஒல்லி. வெளுத்த முழுக்கைச் சட்டை, முன்தலையில் பாதி முடி இல்லை. ரேஷன் கார்டில் பெயர் திருத்த வந்தவர் என்று யாராக இருந்தாலும் சத்தியம் செய்திருப்பார்கள்.

பத்தாவது நாள் எங்கள் அலுவலக உதவியாளர் டிரம்மில் தண்ணீர் ஊற்றும்போது, அவர் மடியில் இருந்த சின்ன நோட்டை எட்டிப் பார்த்துவிட்டார். குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் துணை தாசில்தாரிடம் ஓடிவந்தார்.

"சார், வெளிய ஒருத்தரு நம்மளப் பத்தி எழுதிக்கிட்டு இருக்காரு."

"என்னத்த எழுதுறாரு?"

"பத்தே முக்கா, கட்டம் போட்ட சட்டை, டிபன் கூடை, நேரா கக்கூசுன்னு போட்டிருக்கு சார்."

துணை தாசில்தார் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். கட்டம் போட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உதவியாளர் அடுத்த வரியைச் சொன்னதும் அது நின்றுவிட்டது. பதினொன்றேகால், கட்டச் சட்டையும் மீசைக்காரரும் பின்கதவு வழியாக டீ, திரும்பியது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். மீசைக்காரர் நான்தான்.

லஞ்ச ஒழிப்பு என்று துணை தாசில்தார் முடிவு கட்டினார். அடுத்த மூன்று நாள் எங்கள் அலுவலகம் எப்படி நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் இன்றும் நம்பமாட்டார்கள். ஒன்பதே முக்காலுக்கு எல்லா நாற்காலியிலும் ஆள். பின்கதவுக்குப் பூட்டு. ஆறு மாதமாக நின்றிருந்த ஒரு பட்டா மாறுதல் இருபது நிமிஷத்தில் முடிந்தது. மனுக் கொடுத்த பெரியவர் நம்பாமல் மறுநாளும் வந்து, "நெசமாவே முடிஞ்சிடுச்சிங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார். பெஞ்சில் இருந்தவர் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், உள்ளே வரவில்லை. மூன்றாம் நாள் மாலை துணை தாசில்தாருக்குத் தாங்கவில்லை.

"யோவ், நீ போய் பேச்சுக் குடுத்துப் பாரு. குடும்பஸ்தனாட்டம் பேசு."

நான் இரண்டு டீயோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"சார் எந்த டிபார்ட்மெண்டுங்க?" என்றேன்.

"மனு குடுத்திருக்கேன் சார். அதைப் பாக்க வந்தேன்."

"அப்ப எங்க நேரத்தையெல்லாம் எதுக்குங்க எழுதுறீங்க?"

அவர் நோட்டை என்னிடமே நீட்டினார். மறைக்க வேண்டிய பொருளாக அதை அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. "பழக்கம் சார். புது எடத்துக்குப் போனா மொதல்ல வெளிய இருந்து பார்ப்போம். யாரு எப்ப வராங்க, எந்தக் கதவுல போறாங்க, எப்ப அசந்திருப்பாங்கன்னு எழுதிக்குவோம். அது ஒரு ஒழுங்குக்கு வந்தப்பறந்தான் உள்ள போவோம்."

"எத்தனை நாள் பார்ப்பீங்க?"

"எடத்தைப் பொறுத்தது. மூணு நாளு, அஞ்சு நாளு. உங்க ஆபீசுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. ஒரு நாளு வர்ற நேரத்துக்கு மறுநாள் யாரும் வரலை. இப்ப மூணு நாளா திடீர்னு எல்லாரும் கரெக்டா வரீங்க. நம்மளப் பார்த்துட்டு ஏதோ பொறி வெக்கிறாங்கன்னு நெனச்சிட்டேன். அதான் உள்ள வரலை."

அரசு ஊழியர் நேரத்துக்கு வந்தால் அது பொறியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் செய்ய வராது என்பது பிறகு தெரிந்தது.

ராணுவத்தில் கமாண்டோப் படை. பொதுவான கமாண்டோ அல்ல, அந்தக் கமாண்டோக்களிலும் பொறுக்கி எடுத்த கூட்டம். பதினேழு வருஷம். முழங்கால் இரண்டும் போனபிறகு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊர் ரஞ்சன்குடிப் பக்கம். இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். மின்வாரியத்தில் வேலை பார்த்தேன் என்று சொல்வதற்கு மேல் குரலில் எந்த ஏற்றமும் இல்லை.

"ஒரு நாளாவது மேஜைக்கு முன்னாடி வந்து நின்னிருக்கலாமேங்க" என்றேன்.

"கண்ணுல பட்டா காரியம் கெட்டுடும்னு சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டாங்க சார்."

தேசம் கோடிக்கணக்கில் செலவு செய்து, பனியிலும் காட்டிலும் போட்டுப் புரட்டி, கண்ணில் படாமல் இருக்கக் கற்றுக்கொடுத்து ஒரு மனிதரை அனுப்பிவைத்திருக்கிறது. அவர் வந்து சேர்ந்த இடமோ கண்ணில் பட்டால் மட்டுமே காரியம் நடக்கிற எங்கள் அலுவலகம். இதைவிடப் பெரிய எதிரி நாட்டுக்குள் அவரை யாரும் அனுப்பியிருக்க முடியாது.

மனு அவருடையது அல்ல. கூடவே வேலை பார்த்து, ஓராண்டுக்கு முன்னால் பணியில் இறந்துபோன சிநேகிதனின் அம்மாவுக்காகக் கொடுத்தது. விக்கிரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை, கல்யாணம் ஆகவில்லை. அம்மா மட்டும். முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிறவர். அவர்தான் ஒரே வாரிசு என்று நாங்கள் சான்றிதழ் கொடுத்தால்தான் மகனின் ஓய்வூதியமோ வேறு எதுவுமோ அவருக்கு வரும். மனு மூன்று முறை திரும்பியிருந்தது. எண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கணினியில் தட்டிப் பார்த்தேன். "இறந்த இடம் தெளிவாக இல்லை. திருப்பப்படுகிறது." மூன்று முறையும் ஒரே வாசகம். மூன்று முறையும் என் லாகின்.

நான் திருப்பியதற்குக் காரணம் இருந்தது, எங்களிடம் எதற்கும் காரணம் இருக்கும். படையிலிருந்து வந்த இறப்புக் கடிதத்தில் இடம் என்ற கட்டத்தில் "பணிக்களம்" என்று மட்டும் போட்டிருந்தது. எங்கள் மென்பொருளோ மாநிலத்தைத் தேர்ந்தெடு, மாவட்டத்தைத் தேர்ந்தெடு என்று கேட்கும். அந்தப் பட்டியலில் பணிக்களம் என்றொரு மாவட்டம் இல்லை. மாவட்டம் இல்லாத இடத்தில் ஒருவன் இறக்க முடியாது என்பது எங்கள் துறையின் நிலைப்பாடு.

"இதுக்கா சார் இவ்வளவு நாளு? எடம் உங்களுக்குத் தெரியுமில்ல, சொல்லுங்க. இப்பவே போட்டுடறேன்" என்றேன், பெஞ்சுக்குத் திரும்பி வந்து.

"தெரியும் சார். சொல்லக் கூடாது."

"எங்ககிட்டதானங்க. நாங்களும் கவர்மெண்ட்டுதான்."

"அம்மாகிட்டயே சொல்லலை சார்."

சரி, ஏதோ ஒரு ஊரைப் போட்டுவிடலாம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேருக்குக் கீழ அவங்க கையெழுத்துப் போடணும் சார். நாளைக்கு அந்த ஊரை டிவில காட்டினா எம்புள்ள அங்கதான செத்தான்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. பொய்யான ஊரைப் பார்த்து அவங்க எதுக்கு அழுவணும்?"

நான் எழுந்து உள்ளே போனேன். கோப்பை மறுபடி திறந்து, தாசில்தாரின் நேரடி விசாரணைக்கு என்று குறிப்பு எழுதி வைத்தேன். அந்த நாற்காலி அப்போது காலி, புது தாசில்தார் பொறுப்பேற்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பெஞ்சில் இருந்தவர் அதற்கும் தலையாட்டினார். காத்திருக்கச் சொன்னால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும், தெரிந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள் என்பது போல.

லஞ்ச ஒழிப்பு இல்லை, கமாண்டோதான் என்று தெரிந்ததும் அலுவலகம் பழைய நேரத்துக்குத் திரும்பியது. பின்கதவுப் பூட்டு கழன்றது. அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டோம். சினிமாவில் பார்த்ததையெல்லாம் நேரில் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று எல்லோருக்கும் பரவசம். துணை தாசில்தார் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே முதல் கேள்வியைக் கேட்டார்.

"எத்தனை பேரைப் போட்டிருப்பீங்க?"

"அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்லைங்க."

"சரி, ஹெலிகாப்டர்ல இருந்து குதிப்பீங்கல்ல, அந்த அனுபவத்தையாவது சொல்லுங்க."

"குதிக்கறது ஒரு நிமிஷங்க. அதுக்கு முன்னாடி ஹெலிகாப்டர் வரும், வராதுன்னு ரெண்டு நாளு காத்திருப்போம். பாதி நேரம் மேகம்னு சொல்லித் திருப்பிடுவாங்க. எறக்கி வுட்டப்பறம் முப்பத்தஞ்சு கிலோவைத் தூக்கிக்கிட்டு நடக்கணும். அதான் வேலை."

"சண்டை?"

"அது எப்பவாச்சும் பத்து நிமிஷம். மிச்சமெல்லாம் சொமக்கறதும் படுத்துக் கெடக்கறதுந்தாங்க."

படுத்துக் கிடப்பதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் கொஞ்சம் பேசுவார். ஒரு வீட்டைப் பார்த்தபடி புதருக்குள் மூன்று நாள். கால் மரத்தால் விரலை மட்டும் அசைக்கலாம். கொசு கடித்தால் கடிக்கட்டும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் பார்ப்பது. தூங்குகிறவன் குறட்டை விட்டால் மூக்கைப் பிடிப்பது. சுமையில் எடை குறைய வேண்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதி அறுத்துப் போட்டுவிடுவார்களாம். சட்டை லேபிளைக்கூடப் பிய்த்து எறிவார்களாம்.

"அப்ப வெளிக்குப் போறதெல்லாம்?" என்று உதவியாளர் கேட்டார்.

"பையில கட்டி நம்மளே எடுத்துக்கிட்டு வந்துடணுங்க. தடயம் வுடக் கூடாது."

துணை தாசில்தார் டிபன் டப்பாவை மூடினார். அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் தேசபக்தி பற்றிப் பேசுவதை அவர் நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் நான் விடவில்லை. கமாண்டோவைத் தெரியும் என்று நான் குடியிருக்கும் பெரம்பலூர் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் படிக்கும் தனியார் பள்ளியின் தாளாளர் காதுக்கு அது போய், சுதந்திர தினத்துக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர் என்று அறிவித்துவிட்டார். வாசலில் பதினைந்து அடிக்கு பிளக்ஸ். இணையத்தில் கிடைத்த ஏதோ வெளிநாட்டுச் சிப்பாயின் உடம்பு, கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. அதன்மேல் இவருடைய ஆதார் அட்டைப் படத்திலிருந்து வெட்டி ஒட்டிய தலை. இவர் அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன்.

"பை ரொம்பச் சின்னதா இருக்கு சார். இதுல ரெண்டு நாளைக்குத் தண்ணிகூட எடுத்துட்டுப் போவ முடியாது" என்றார்.

மேடையில் அவரைப் பேச அழைத்தார்கள். ஆயிரம் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "பிள்ளைங்களா, பல்லை நல்லா தேயுங்க. மலைமேல ஒருத்தனுக்குப் பல்வலி வந்தா அவனுக்காக ஆறு பேரும் எறங்கணும். காலை ஈரமில்லாம வெச்சுக்குங்க. தூங்கக் கெடைச்சா தூங்குங்க. நன்றி" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகள் கைதட்டிய கைதட்டலில் காக்காய்கள் பறந்தன. தாளாளர் பாய்ந்து மைக்கை வாங்கி, அண்ணன் தன்னடக்கத்தோடு பேசுகிறார் என்று தொடங்கி, வீரம் என்றால் என்ன என்பதை முக்கால் மணி நேரம் விளக்கினார். அந்த வெயிலில் மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர்களைத் தூக்கி நிழலில் கிடத்தியவர் சிறப்பு விருந்தினர்தான். அவர் இறங்கிப் போனதையே தாளாளர் கவனிக்கவில்லை.

ஒரு நாள் கமாண்டோவின் மனைவி எனக்குப் போன் செய்தார். எண்ணை இவர்தான் கொடுத்திருக்கிறார்.

"எங்க வூட்டுக்காரரு அங்கதான இருக்காருங்க?"

எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் இருந்தார். நாங்கள் உள்ளே நாற்காலி போட்டும் இரண்டு நாளில் மறுபடி பெஞ்சுக்கே போய்விட்டிருந்தார். கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. இருக்காருன்னு தெரிஞ்சா போதும். கல்யாணமாகிப் பதினோரு வருசம், எங்க இருக்கீங்கன்னு கேட்டா வடக்கன்னுதான் சொல்லுவாரு. இப்பத்தான் இந்த எடம்னு ஒரு எடம் இருக்கு. அதான் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை யாருகிட்டயாச்சும் கேட்டுக்குவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அதன்பிறகு அவர் போன் செய்யும் நேரத்துக்கு முன்பே நான் ஒருமுறை பெஞ்சைப் பார்த்து வைத்துக்கொள்வேன். என் சர்வீசில் யாரும் கேட்காமல் நான் செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

புது தாசில்தார் வந்தார். கறாரான பெண்மணி, மேஜைமேல் ஒரு பித்தளை மணி. ஒரு மனுவுக்கு ஐந்து நிமிஷம், பிறகு மணி, அடுத்த ஆள். அந்த மனு விசாரணைக்கு வந்த அன்று சிநேகிதனின் அம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன். வெளுத்த நூல்சேலை. முந்திரிக்கொட்டைச் சாறு பட்டுப் பட்டுக் கறுத்துத் தோலுரிந்த விரல்கள். மகன் பெட்டியில் வந்தபோது ஊரெல்லாம் வந்தார்களாம். தெருவுக்கு அவன் பெயர் வைப்போம், சிலை வைப்போம் என்றார்களாம். இப்போது இந்த ஒரு காகிதத்துக்காக நாலாவது முறையாக அலைகிறார். அவரும் இவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் கோப்போடு நின்றேன்.

"மகன் எங்க இறந்தாரும்மா?" என்று தாசில்தார் கேட்டார்.

"தெரியலைங்க. இந்தத் தம்பிகிட்ட ஒருக்கா கேட்டேன். தலையக் குனிஞ்சிக்கிச்சு. அதுக்கப்பறம் கேக்கலை."

தாசில்தார் இவர் பக்கம் திரும்பினார். "நீங்க சாட்சி. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சொல்லுங்க."

"சொல்லக் கூடாது மேடம்."

"இங்க பாருங்க. சாட்சி சொல்ல மாட்டேன்னா நான் மனுவை நிராகரிக்கறதத் தவிர வேற வழியில்ல. அப்பறம் இந்தம்மா கோர்ட்டுக்குத்தான் அலையணும். எத்தனை வருஷம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஒரு ஊரு பேரு. அவ்வளவுதான் கேக்குறேன்."

அவர் அசையவில்லை. அந்த அசையாமையைப் பார்த்து இத்தனை நாள் நான் சிரித்திருக்கிறேன். அன்று எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வார்த்தையில் அவள் அலைச்சல் தீரும், இந்த மனிதர் ரகசியம் காக்கிறாராம் என்று நினைத்தேன். மூன்று முறை மனுவைத் திருப்பியவனுக்கு வந்த கோபம் அது. தாசில்தாரின் கை மணிக்குப் போனது.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார் அந்த அம்மா.

தாசில்தார் கையை எடுத்துக்கொண்டார். அந்த அம்மா இவர் பக்கம் திரும்பினார்.

"எடம் வேணாம் தம்பி. தனியாவா கெடந்தான்?"

"இல்லம்மா. நான் பக்கத்துல இருந்தேன்."

"எவ்வளவு பக்கத்துல?"

"இப்ப நீங்க இருக்கற தூரந்தாம்மா."

அவர் பேசிக்கொண்டே போனார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "பொழுது வெடிஞ்ச கொஞ்ச நேரத்துல குண்டு பட்டுச்சு. நாங்க அசைஞ்சா கீழ இருந்த நம்ம ஆளுங்க நாலு பேரும் போயிருப்பாங்க. சத்தம் போடக் கூடாதுன்னு அவனுக்கும் தெரியும். போடலை. பொழுது சாஞ்சப்பறந்தான் எடுக்க வந்தாங்க. அதுவரைக்கும் கையைப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். மத்தியானத்துக்கு மேல அவன் புடிக்கலை. நான் வுடலை."

வெளியே யாரோ வருமானச் சான்றிதழுக்காக உதவியாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது. அந்த அம்மா இவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை ஏன்யா அன்னிக்கே எங்கிட்ட சொல்லலை?"

"எல்லாரும் எடத்தைத்தாம்மா கேட்டாங்க."

அந்த எல்லாரில் முதல் ஆள் நான். எழுத்துப்பூர்வமாக மூன்று முறை கேட்டிருக்கிறேன். நின்ற இடத்திலேயே வெட்கமாக இருந்தது.

"எந்தக் கைய்யா?" என்றார் அந்த அம்மா.

அவர் இடது கையை நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கி, திருப்பிப் பார்த்தார். பிறகு மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், இத்தனை நாளும் காலாட்டாமல் உட்கார்ந்திருந்தவரின் கால் ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவரால் முடியவில்லை.

தாசில்தார் என்னிடமிருந்து கோப்பை வாங்கினார். இறந்த இடம் என்ற கட்டத்தில் "பணிக்களத்தில். உடனிருந்தவரின் நேரடி வாக்குமூலம் பெறப்பட்டது" என்று தன் கையாலேயே எழுதினார்.

"கம்ப்யூட்டர் மாவட்டம் கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

நான் கோப்பைக் கொண்டுபோய் அந்த அம்மா முன்னால் விரித்து, பேனாவைத் திறந்து கொடுத்தேன். கையெழுத்துப் போட அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. வலது கையை மட்டும் எடுத்து, எழுத்துக் கூட்டிப் போட்டு முடித்துவிட்டு, மறுபடி அந்தக் கையின்மேல் வைத்துக்கொண்டார்.